ஸூமிலிருந்து டீம்ஸுக்கு மாறினால் குரல் சரியாகுமா?

பிறகு வந்து படிப்பவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் நிறுவனத்தில் 45 பேர், பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை. மீட்டிங் எல்லாம் ஸூமில். மின்னஞ்சலும் கோப்புகளும் மைக்ரோசாஃப்ட் 365-இல். டீம்ஸ் அதே மைக்ரோசாஃப்டின் மீட்டிங் செயலி. "டீம்ஸ்தான் கையில் இருக்கிறதே, ஸூமுக்கு எதற்குத் தனியாகப் பணம்?" என்று நிர்வாகம் கேட்கிறது. ஊழியர்கள் ஸூமை விட மாட்டேன் என்கிறார்கள். நடுவில் ஒருவர் கூகுள் மீட் போதுமே என்கிறார். இவற்றில் எது சிறந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் விஷயம் உங்கள் கடைசி வரியில்தான் இருக்கிறது: "இப்போதே குரல் விட்டு விட்டுத்தான் வருகிறது, மாறினால் இன்னும் மோசமாகிவிடுமோ?" ஒரே கேள்வி மாதிரித் தெரிந்தாலும் இதில் இரண்டு இருக்கின்றன. எதற்குப் பணம் கட்டுவது என்பது ஒன்று, குரல் ஏன் உடைகிறது என்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு மாறிய அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன். பணம் போனதுதான் மிச்சம், குரல் அப்படியே இருந்தது.

அலுவலக நெட்வொர்க்கையும் மீட்டிங் அறைகளையும் பார்த்துக்கொள்ளும் வேலையில் 15 ஆண்டுகளாக இருக்கிறேன். 10 பேர் முதல் 300 பேர் வரை உள்ள இடங்கள்தான் என் அனுபவம். ஆயிரக்கணக்கானோர் கலந்துகொள்ளும் வெபினார் நடத்துகிறவர்கள் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அது வேறு உலகம். எந்த நிறுவனத்தின் சந்தாவையும் நான் விற்பதில்லை.

முதலில் குரலைப் பார்த்துவிடுவோம். ஸூம், டீம்ஸ், மீட், வெபெக்ஸ் நான்கும் உள்ளுக்குள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றன. உங்கள் கணினி உங்கள் குரலையும் படத்தையும் சுருக்கி ஒரு சர்வருக்கு அனுப்புகிறது, சர்வர் அதை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. 20 பேர் இருக்கும் மீட்டிங்கில் நீங்கள் 19 பேருக்குத் தனித்தனியாக அனுப்புவதில்லை. அதனால் தேவைப்படும் வேகம் பலரும் நினைப்பதைவிடக் குறைவு. குரலுக்கு மட்டும் என்றால் விநாடிக்கு 100 கிலோபிட்டே தாராளம். 720பி தரத்தில் படமும் சேர்ந்தால் 2, 3 மெகாபிட் ஆகும், அவ்வளவுதான். அப்படியானால் ஸ்பீட் டெஸ்டில் 100 மெகாபிட் காட்டுகிற வீட்டில் குரல் ஏன் உடைகிறது? குரல் பெரும்பாலும் 20 மில்லிவிநாடித் துண்டுகளாக, விநாடிக்கு 50 சின்னப் பொட்டலங்களாகப் போகிறது. ஒன்றிரண்டு தொலைந்தால் அக்கம்பக்கத்துத் துண்டுகளை வைத்து செயலி ஒப்பேற்றிவிடும், உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. தொடர்ந்து பல தொலைந்தாலோ, ஒழுங்கில்லாமல் முந்தியும் பிந்தியும் வந்தாலோதான் காது கண்டுபிடிக்கிறது. தாமதம் இதில் சேராத தனித் தொல்லை. ஒருவர் பேசியது மற்றவர் காதுக்குப் போய்ச் சேர 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால் நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பழைய பரிந்துரை. அதை நன்றாகத் தாண்டினால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறப்பார்கள், அப்புறம் "நீங்க சொல்லுங்க", "இல்ல, நீங்க சொல்லுங்க" என்று ஐந்து நிமிடம் போகும்.

வீட்டு இணைப்புகளில் நான் அதிகம் பார்த்த காரணம், பதிவேற்றும் பக்கம் அடைத்துக்கொள்வது. ஸ்பீட் டெஸ்டில் எல்லோரும் தரவிறக்கும் வேகத்தைத்தான் பார்க்கிறார்கள். மேலே அனுப்பும் வேகம் பல இணைப்புகளில் அதில் ஒரு பங்குதான். வீட்டில் யாரோ ஒருவருடைய போன் நேற்று எடுத்த வீடியோக்களை கிளவுடுக்கு ஏற்ற ஆரம்பிக்கும். ரௌட்டரில் வரிசை நீண்டுவிடும், உங்கள் குரல் அந்த வரிசையின் வாலில் நிற்கும். வீடியோ ஏறி முடிந்ததும் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். "சில நேரம் மட்டும்தான் இப்படி ஆகிறது" என்று சொல்லப்படும் புகார்களில் பாதிக்கு மேல் இந்த வகை என்பது என் ஊகம். கணக்கெடுத்துச் சொல்லவில்லை, அனுபவத்தில் சொல்கிறேன்.

அலுவலகப் பக்கத்துக் காரணம் வேறு. இந்தச் செயலிகள் எல்லாமே குரலை யுடிபி என்ற முறையில் அனுப்பத்தான் விரும்பும். தொலைந்தால் தொலைந்தது, அடுத்ததைப் பார் என்று போய்க்கொண்டே இருக்கும் முறை அது. அலுவலக ஃபயர்வால் (நெட்வொர்க்கின் காவல்காரன்) யுடிபியை அடைத்து வைத்திருந்தால் செயலி டிசிபி என்ற இன்னொரு முறைக்கு இறங்கி வரும். டிசிபி, தொலைந்த பொட்டலத்தைத் திரும்பக் கேட்டு வாங்கும்வரை பின்னால் வருவதையும் பிடித்து நிறுத்திவைக்கும். கோப்பை இறக்குவதற்கு அதுதான் சரி. பேச்சுக்கு? அரை விநாடி கழித்து வந்து சேரும் சொல்லால் யாருக்கு என்ன பயன்? மீட்டிங் நடக்கும், யாரும் துண்டிக்கப்பட மாட்டார்கள், ஆனால் எல்லோரும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி இருக்கும். உங்கள் நெட்வொர்க்கைப் பார்ப்பவரிடம் இந்த யுடிபி போர்ட்டுகள் (எண்ணிட்ட வாசல்கள்) வெளியே போகத் திறந்திருக்கின்றனவா என்று கேளுங்கள்: ஸூமுக்கு 8801 முதல் 8810, டீம்ஸுக்கு 3478 முதல் 3481, மீட்டுக்கு 3478, அத்துடன் 19305 முதல் 19309.

வீட்டுக் கணினியை அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் பூட்டிய வழியான விபிஎன் இன்னொரு வில்லன். நான் பார்த்த ஓர் அலுவலகம் ஒரே ஆண்டில் இரண்டு முறை தளம் மாறியது. ஒவ்வொரு முறையும் முதல் வாரம் "ஆஹா" என்றார்கள், மூன்றாவது வாரம் பழைய புகார் திரும்பி வந்தது. போய்ப் பார்த்தால், வீட்டிலிருந்து வேலை செய்யும் எல்லோருடைய மீட்டிங்கும் விபிஎன் வழியாகத் தலைமை அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்த ஒரு பழைய பெட்டிக்குள் நுழைந்து, பிறகு வெளியே வந்துகொண்டிருந்தது. மீட்டிங் ஏற்கெனவே குறியாக்கம் செய்யப்பட்டுத்தான் போகிறது, அதை இன்னொரு முறை பூட்டித் திறக்க அந்தப் பெட்டி திணறியது. மீட்டிங் போக்குவரத்தை மட்டும் விபிஎன்னுக்கு வெளியே நேராகப் போகும்படி மாற்றினோம். ஒரு மதிய நேர வேலை. அதற்கு முன் இரண்டு சந்தாக்களுக்குப் பணம் கட்டியிருந்தார்கள்.

அப்புறம் ஹெட்செட். இதை எழுதும்போது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் விலை அதிகமான புளூடூத் ஹெட்போன் வைத்திருப்பவர்கள்தான் நம்ப மறுப்பார்கள். வழக்கமான புளூடூத் ஹெட்போனில் பாட்டு கேட்கும்போது நல்ல தரத்தில் ஒலி வரும். அதன் மைக்கை இயக்கிய உடனே அது தொலைபேசிப் பேச்சுக்கான இன்னொரு முறைக்கு மாறிவிடும், ஒலித்தரம் சட்டென்று விழும். பழைய கருவிகளில் லேண்ட்லைன் போன் தரம்தான். புதிய தரநிலைகள் வந்துகொண்டிருக்கின்றன, ஆனால் ஹெட்செட், கணினி இரண்டுமே அதற்கு ஒத்துவர வேண்டும். அதுவரை சாதாரண வயர் ஹெட்செட் ஒன்றே பல பிரச்சினைகளைத் தீர்த்துவிடும். முடியாதென்றால் புளூடூத்தில் கேளுங்கள், மைக்குக்கு மட்டும் லேப்டாப்பைத் தேர்ந்தெடுங்கள். மீட்டிங் அறையில் ஆறு பேர் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு லேப்டாப்பைத் திறந்தால் எதிரொலி வராமல் இருக்காது. ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர், மற்றதெல்லாம் மியூட்.

ஆகவே, மாறுவதற்கு முன் இரண்டு வாரம் சோதித்துப் பாருங்கள். அடிக்கடி புகார் சொல்கிற ஐந்து பேரை எடுங்கள். ஒரே நேரத்தில், ஒரே இடத்திலிருந்து, ஒரு நாள் ஸூமில், மறுநாள் டீம்ஸில். பிறகு அதே ஐந்து பேர், வைஃபையை விட்டுவிட்டு வயரில். மீட்டிங் நடக்கும்போதே பொட்டலம் எத்தனை சதவீதம் தொலைகிறது, வந்து சேரும் நேரம் எவ்வளவு ஏறி இறங்குகிறது (ஜிட்டர்) என்பதை ஸூமின் அமைப்புகளில் உள்ள புள்ளிவிவரப் பக்கத்திலும், டீம்ஸின் கால் ஹெல்த் பக்கத்திலும் நேரலையாகப் பார்க்கலாம். இழப்பு 1 சதவீதத்துக்குக் கீழ், ஏற்ற இறக்கம் 30 மில்லிவிநாடிக்குக் கீழ் இருந்தால் நல்லது. இரண்டு தளத்திலும் எண்கள் மோசம் என்றால் இணைப்பைச் சரிசெய்யுங்கள். ஒன்றில் மட்டும் மோசம் என்றால் ஃபயர்வாலைப் பாருங்கள். இரண்டிலும் எண்கள் நன்றாக இருந்தும் குரல் மட்டும் கேவலம் என்றால் மைக்தான்.

சரி, இனி பணம். இங்கே என் கருத்து நேரானது: மின்னஞ்சலும் காலண்டரும் எங்கே இருக்கின்றனவோ, மீட்டிங்கும் அங்கேயே இருப்பது நல்லது. அதற்காக டீம்ஸ் ஸூமைவிட மேல் என்று சொல்லவில்லை. பொத்தான், பின்னணிப் படம், தனி அறைகளாகப் பிரிப்பது, எழுத்தாக ஓடும் வசனம் எல்லாம் இன்று எல்லோரிடமும் இருக்கின்றன. வித்தியாசம் மீட்டிங்குக்கு வெளியே தெரியும். ஒருவர் வேலையை விட்டுப் போகிறார் என்றால் ஒரு கணக்கை மூடினால் போதும், எல்லாம் மூடிக்கொள்ளும். காலண்டரில் அழைப்பு போட்டால் லிங்க் தானாக ஒட்டிக்கொள்ளும். ரெக்கார்டிங் உங்கள் மற்ற கோப்புகள் இருக்கும் இடத்திலேயே, அதே அனுமதி விதிகளோடு இருக்கும். டீம்ஸ் என்றால் ஒன்டிரைவ் அல்லது ஷேர்பாயின்ட், மீட் என்றால் கூகுள் டிரைவ். (டீம்ஸ் ரெக்கார்டிங்குக்கு இயல்பாகவே 120 நாள் ஆயுள் வைத்திருக்கிறார்கள், மாற்றாவிட்டால் தானே அழிந்துவிடும். இது தெரியாமல் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் உண்டு.) உங்கள் மின்னஞ்சல் மைக்ரோசாஃப்டில் இருப்பதால் மீட் யோசனையை இப்போதைக்கு ஒதுக்கிவிடலாம். மீட் நல்ல பொருள்தான், உலாவியிலேயே திறந்துகொள்ளும், எதையும் நிறுவ வேண்டாம். கூகுளில் மின்னஞ்சல் வைத்திருக்கும் அலுவலகமாக இருந்தால் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

நிர்வாகம் சொல்லும் "டீம்ஸ்தான் கையில் இருக்கிறதே" என்பதை மட்டும் ஒருமுறை சரிபாருங்கள். பல ஆண்டுகள் டீம்ஸ் ஆபீஸ் தொகுப்போடு சேர்ந்தே வந்தது. இப்படிச் சேர்த்து விற்பதை எதிர்த்து 2020-இல் போட்டியாளரான ஸ்லாக் நிறுவனம் ஐரோப்பிய ஆணையத்தில் புகார் கொடுத்தது. 2023-இல் மைக்ரோசாஃப்ட் ஐரோப்பாவில் டீம்ஸைப் பிரித்து விற்க ஆரம்பித்தது, 2024 ஏப்ரலில் அதை உலகம் முழுவதற்கும் கொண்டுபோனது. சிறு நிறுவனங்களுக்கான திட்டங்கள் டீம்ஸோடும் கிடைக்கின்றன, டீம்ஸ் இல்லாமலும் கிடைக்கின்றன. உங்களுடையது எது என்பது பில்லைப் பார்த்தால்தான் தெரியும். "இலவசமாக இருக்கிறது" என்ற நம்பிக்கையில் ஸூமை ரத்துசெய்துவிட்டு, பிறகு டீம்ஸுக்கு ஆளுக்கு ஒரு லைசென்ஸ் வாங்க நேர்ந்தால் நன்றாக இருக்காது.

ஊழியர்கள் பிடிவாதத்திலும் நியாயம் இருக்கிறது. டீம்ஸ் கனமான செயலி. 2023-இல் புதிதாக எழுதி வெளியிட்ட பதிப்பு பழையதைவிட எவ்வளவோ தேவலாம், ஆனாலும் 8 ஜிபி நினைவகம் உள்ள லேப்டாப்பில், நாற்பது டேப் திறந்த உலாவியோடு சேர்த்து ஓட்டினால் விசிறி சுற்றும் சத்தம் மைக்கில் கேட்கும். சோதனை வாரத்தில் உங்களிடம் இருப்பதிலேயே பழைய லேப்டாப்பைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலாளரின் புது லேப்டாப்பில் எல்லாமே நன்றாகத்தான் ஓடும்.

எல்லோரும் மறந்துவிடுகிற ஆள் வெளியிலிருந்து வருகிறவர். போன மாதக் காலண்டரை எடுத்து, எத்தனை மீட்டிங்கில் உங்கள் நிறுவனத்தைச் சேராதவர் இருந்தார் என்று எண்ணிப் பாருங்கள். பத்தில் ஒன்று என்றால் கவலை வேண்டாம். பாதி என்றால் அவர்கள் வசதிதான் முதலில். ஸூம் லிங்க் என்றால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. டீம்ஸில் விருந்தினர் உலாவி வழியாக வரலாம், ஆனால் அவரிடம் ஏற்கெனவே வேறு நிறுவனத்து டீம்ஸ் கணக்கும் சொந்தக் கணக்கும் இருந்தால் எதில் நுழைவது என்று தடுமாறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். வேலைக்கு நேர்காணல் வருகிறவரை முதல் பத்து நிமிடம் லாகின் பக்கத்தில் வியர்க்க வைப்பது நல்ல வரவேற்பு இல்லை.

இலவசத் திட்டங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஸூமில் 40 நிமிடம், மீட்டிலும் டீம்ஸிலும் குழுக் கூட்டத்துக்கு 60 நிமிடம், மூன்றிலும் 100 பேர் வரை. நேரக்கட்டுப்பாட்டைவிட எனக்குப் பெரிய தடையாகத் தெரிவது, அந்தக் கணக்கு யாரோ ஒருவருடைய சொந்த முகவரியில் இருக்கும் என்பது. அவர் போனால் மீட்டிங்கும் போய்விடும். நிறுவன வேலைக்கு வேண்டாம்.

பாதுகாப்பு பற்றிய உங்கள் கவலை பெரும்பாலும் 2020 செய்திகளிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். அப்போது நடந்தவை உண்மை. 2019 டிசம்பரில் நாளொன்றுக்கு சுமார் 1 கோடிப் பங்கேற்புகள் இருந்த ஸூம், 2020 ஏப்ரலில் 30 கோடியைத் தொட்டது, அந்த வேகத்துக்கு அது தயாராக இல்லை. கடவுச்சொல் இல்லாத மீட்டிங்குகளில் அழையா விருந்தாளிகள் புகுந்தார்கள். முனைக்கு முனை குறியாக்கம் (பேசுபவர்களைத் தவிர நடுவில் உள்ள சர்வர்கூடத் திறக்க முடியாத பூட்டு) இருப்பதாகச் சொன்னது உண்மையில்லை என்று தெரியவந்தது, அமெரிக்க வணிக ஆணையத்தோடு 2020 நவம்பரில் சமரச ஒப்பந்தம் போட வேண்டி வந்தது. உண்மையான முனைக்கு முனை குறியாக்கத்தை 2020 அக்டோபரில்தான் கொண்டுவந்தார்கள். இன்று அது இருக்கிறது, ஆனால் தானாக இயங்காது, நீங்கள்தான் இயக்க வேண்டும். இயக்கினால் கிளவுடில் ரெக்கார்டிங், தொலைபேசி வழியாக இணைவது எல்லாம் நின்றுவிடும். அதில் ஆச்சரியமில்லை, சர்வருக்கே கேட்காத பேச்சை சர்வர் எப்படிப் பதிவுசெய்யும்? சம்பளம், வழக்கு போன்ற பேச்சுகளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். தினசரிக் கூட்டத்துக்குக் காத்திருப்பு அறையும், ஒவ்வொரு முறையும் புது லிங்க்கும், செயலியை உடனுக்குடன் புதுப்பிப்பதும் போதும். எங்கள் பேச்சு எங்கள் சர்வரை விட்டே போகக்கூடாது என்றால் ஜிட்சி மாதிரியான திறந்த மூல மென்பொருளைச் சொந்தமாக நிறுவலாம். நிறுவியிருக்கிறேன், நன்றாகவே ஓடியது. ஆனால் காலை 9 மணிக் கூட்டத்துக்கு முன் அது படுத்துவிட்டால் எழுந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். 45 பேர் இடத்தில் அந்த ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

ஐயத்தோடு சொல்ல வேண்டியவையும் உண்டு. பின்னணிச் சத்தத்தை நீக்குவதில் யார் முன்னணி என்பது சில மாதங்களுக்கு ஒருமுறை மாறுகிறது, இன்று நான் சொல்வது ஆறு மாதத்தில் பழசாகிவிடும். மீட்டிங்கைக் கேட்டுத் தானாகக் குறிப்பெடுக்கும் செயற்கை நுண்ணறிவு வசதியையும் இன்னும் நான் நம்பவில்லை. இரண்டு மொழி கலந்து பேசும் கூட்டங்களில் நான் பார்த்த குறிப்புகளில், முடிவெடுக்காததை முடிவாக எழுதிவைத்த இடங்கள் இருந்தன. அதோடு, உங்கள் பேச்சு அந்த நிறுவனத்தின் மாதிரிகளைப் பயிற்றுவிக்கப் பயன்படுமா என்பதை ஒப்பந்தத்தில் படித்துப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் ஸூமின் விதிமுறை வாசகம் ஒன்று இதே விஷயத்தில் பெரிய எதிர்ப்பைக் கிளப்பியது, சில நாட்களில் அவர்கள் அதைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. அந்த வசதிக்காகவே ஒரு தளத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். இந்த மாதம் எதையும் மாற்ற மாட்டேன். விபிஎன், போர்ட், ஹெட்செட் மூன்றையும் பார்த்துவிட்டுச் சோதனை செய்வேன். ஸூம் சந்தா முடியும் தேதி வரை காத்திருந்து, உள் கூட்டங்களை டீம்ஸுக்கு மாற்றுவேன். வாடிக்கையாளர்களோடு பேசுபவர்களுக்கும், நேர்காணல் நடத்துபவருக்கும் மட்டும் மூன்று நான்கு ஸூம் லைசென்ஸ்களை வைத்துக்கொள்வேன். ஊழியர்களிடம் இதைச் சொன்னால் முணுமுணுப்பும் குறையும், ஏனென்றால் ஸூம் போய்விடவில்லை. ரத்துசெய்வதற்கு முன் ஸூம் கிளவுடில் கிடக்கும் பழைய ரெக்கார்டிங்குகளை இறக்கி வைத்துவிடுங்கள். கடைசியாக, வாராவாரம் திரும்ப வரும் அழைப்புகளில் ஒட்டியிருக்கும் பழைய லிங்க்குகளைத் தேடிப்பிடித்து ஒவ்வொன்றாக மாற்றுங்கள். நான் ஒருமுறை அதை விட்டுவிட்டேன். திங்கட்கிழமை காலை பாதிப் பேர் பழைய அறையிலும் பாதிப் பேர் புது அறையிலும் உட்கார்ந்துகொண்டு, மற்றவர்கள் ஏன் இன்னும் வரவில்லை என்று கால் மணி நேரம் எனக்கு மாறி மாறி போன் செய்தார்கள்.